விதை தோண்டியல்: ஒரு முன்னாய்வு

ஐந்தாறு வயதுக்கு உட்பட்டோர் தாம் ஊன்றிய விதையைத் தாமே தோண்டிப் பார்க்கும் வழக்கம் நம் மொட்டைமாடிகளில் நாள்தோறும் நடந்துவருகிறது. ஆயினும் அறிஞர் எவரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்காமல் பலர் அலையும் காலத்தில் இது வியப்புக்குரியது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

தோண்டல் என்பது ஈண்டு யாதெனின், ஊன்றிய விதை முளைத்ததா என்று அறியும் பொருட்டு, முளைப்பதற்கு முன்பே அதை வெளியே எடுத்து, உற்று நோக்கி, தலைகீழாகப் புதைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுதல். கருவிகள்: ஆள்காட்டி விரல், ஐஸ்கிரீம் குச்சி, சமையலறையில் காணாமற்போன எவர்சில்வர் ஸ்பூன். காலைத் தோண்டல், மாலைத் தோண்டல் என இது இருவகைப்படும். மாலைத் தோண்டல் பள்ளிச் சீருடையோடு நிகழ்வதால் வீட்டில் கூடுதல் விவாதத்துக்கு உள்ளாவது.

தோண்டலின் தீவிரம் பயிரைப் பொறுத்தது. இரவு ஊறப்போட்ட பச்சைப்பயறு ஈரமண்ணில் மூன்று நான்கு நாளில் தலைகாட்டிவிடும். வெந்தயமும் ஏறக்குறைய அப்படித்தான். கொத்தமல்லி மட்டும் பத்து நாளோ அதற்கு மேலுமோ எடுத்துக்கொள்ளும். நாம் விதை என்று கடையில் வாங்கும் உருண்டை உண்மையில் இரண்டு விதைகள் அடங்கிய காய். அதைத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவுவது அதனால்தான். ஐந்து வயதுக்காரருக்குப் பத்து நாள் என்பது இந்தப் பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் இடையிலான தூரம். எனவே கொத்தமல்லித் தொட்டியில் தோண்டல் உச்சத்தை எட்டுவதும், மல்லி முளைக்காமலே போவதும் எதிர்பார்க்கத்தக்கவையே.

இனி மறுப்பாளர் கூற்று. “தோண்டினால் விதை கெடும்” என்பர். கெடும்தான். ஆனால் தோண்டாத பெரியவருக்கு என்ன தெரியும்? முதலில் வெளிவருவது பச்சை இலை என்றே அவர் ஆயுள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறார். தோண்டியவருக்கோ பயறு உப்புவதும், தோல் கிழிவதும், முதலில் வெள்ளையாக ஒரு ‘வால்’ நீள்வதும் கண்கூடு. அந்த வால்தான் வேர். எப்படிப் புதைத்தாலும் அது வளைந்து கீழேதான் போகும்.

இதைச் சோதிக்க 1806-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர், நீரோட்டத்தால் சுழலும் சக்கரத்தில் அவரையின விதைகளைக் கட்டி வேகமாகச் சுற்றவிட்டார். வேர்கள் சக்கரத்தின் வெளிப்புறம் நோக்கியும் தண்டுகள் நடுவை நோக்கியும் வளர்ந்தன. எந்தப் பக்கம் இழுவை இருக்கிறதோ, வேருக்கு அதுவே கீழ் என்பது விளங்கிற்று. விதையைச் சக்கரத்தில் கட்டியவருக்கு அறிவியல் வரலாற்றில் இடம் கிடைத்தது. ஸ்பூனால் கிளறியவருக்குத் திட்டு கிடைக்கிறது. தோண்டும்போது தட்டுப்படும் மண்புழுவுக்கும் இப்படியொரு வரலாறு உண்டு: டார்வின் அதைப் பற்றி 1881-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதற்காகப் புழுக்களுக்குப் பஸ்ஸூன் என்னும் குழல் வாசித்துக் காட்டப்பட்டது, அவை அசையவில்லை. தொட்டியைப் பியானோமேல் வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின. ஆகவே உங்கள் மகள் மண்புழுவிடம் பாட்டுப் பாடினால் தடுக்க வேண்டாம், முன்னோடி உண்டு.

1939-இல் அடையாற்றுக்கு வந்து பாடம் நடத்திய மரியா மாண்டிசோரி, செடி வளர்ப்பது குழந்தைக்குப் பொறுமையைத் தரும் என்று முன்பே எழுதியிருந்தார். தரும், ஆனால் முதல் வாரத்தில் தராது. நம் ஊர்க் கிராமங்களில் இதற்கு வேறொரு தீர்வு உண்டு: முளைப்பாரியை இருட்டறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். சின்னக் கைகளிடமிருந்து விதையைக் காக்க இதைவிடப் பழகிய முறை நானறிய இல்லை.

உயிர்களை வகைப்படுத்துவதிலும் நம் தோண்டல் அறிஞர்கள் தனிப்போக்கு உடையவர்கள். தொல்காப்பியர் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கினார். இவர்கள் கடிப்பது, கடிக்காதது, தொட்டால் சுருளுவது என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றாம் வகைக்கு ரயில்பூச்சி சான்று. இப்பகுப்பில் அப்பா எந்த வகை என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

ஆனால் இத்துறைக்கு நேர்ந்திருக்கும் பெரிய கேடு தோண்டுவோரால் வந்ததன்று. அது பெரியவர்கள் இரவில் செய்யும் கள்ள நடவு. தண்ணீர் கட்டி, வேருக்குக் காற்றுப் போகாமல், விதை அழுகியிருக்கும். குழந்தை மனம் நோகுமே என்று, அது தூங்கிய பின் நர்சரியில் வாங்கிவந்த கத்தரி நாற்றை அங்கே ஊன்றிவிடுகிறார்கள். நேற்று வெறும் மண், இன்று ஆறு இலை! பயறு போட்டால் கத்தரி வரும், அதுவும் ஒரே இரவில் வரும் என்பதே இதிலிருந்து குழந்தை எடுக்கும் முடிவு. தரவைத் திருத்தும் இவ்வழக்கத்தை வேறு எந்தத் துறையில் செய்தாலும் ஆய்வாளரை வெளியே அனுப்பிவிடுவார்கள். உயிருள்ளதற்குக் காற்று வேண்டும், அது கிடைக்காவிட்டால் சாகும் என்ற ஒரே பாடத்தைத் தொட்டி கற்பிக்க வந்த நாளில், பாசத்தோடு குறுக்கே நின்று மறைக்கிறோம்.

ஆகவே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இத்துறையின் சார்பில் ஒரு விண்ணப்பம். ஒன்றிரண்டு போதாது, தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பயறு ஊன்றுங்கள். ஓரத்தில் உள்ளவற்றைத் தோண்டுவதற்கென்றே விட்டுவிடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும். கொத்தமல்லியை நீங்கள் வளர்த்துக்கொள்ளுங்கள். அழுகிய விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து “இது என்னாச்சு?” என்று கேட்டால், செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு, அடுத்த பிடிப் பயறை ஊறப்போடுங்கள்.