காக்கை கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடி. பால்கனிச் சுவரின் மேல் ஒரு தட்டு, பக்கத்தில் மண்கிண்ணத்தில் தண்ணீர். அமாவாசைக்கு மட்டும் சோறு வைக்கிற ஆள் இல்லை, தினப்படி வைப்பவர். காலையில் "கா... கா..." என்று குரல் கொடுத்தால் சாம்பல் கழுத்துக் காக்கை ஒன்று வந்து இறங்கி, இவர் கையிலிருந்தே வாங்கித் தின்னும்.

வினையே அங்குதான்.

"மத்தவங்களைக் கண்டா பறந்துடும் சார். எங்கிட்ட மட்டும்தான் வரும். அதுக்கு ஆள் தெரியும்" என்பார், லிஃப்டில் சிக்கியவர்களிடமெல்லாம். வீட்டில் இவர் பேச்சு எடுபடாது. பெங்களூர் மகன் போன் செய்தால் அம்மாவிடம்தான் பேசுவான். அலுவலகமோ ஒரு சால்வையோடு கணக்கை முடித்துக்கொண்டது. நல்ல மனுஷன் என்று சான்று சொல்ல மிச்சமிருப்பது அந்தக் காக்கைதான்.

இவர் சொல்வது பாதி நிஜம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர், குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தின, வருடக்கணக்கில் விடவில்லை. பிடிபடாத காக்கைகள்கூடச் சேர்ந்துகொண்டன. அந்த ஊர்க் காக்கை வேறு இனம் என்றாலும், இந்த ஆய்வின் வீடியோவைப் பேரன் காட்டிய நாள் முதல் இவரைப் பிடிக்க முடியவில்லை. ஏ.சி. மாட்டுவதற்காகக் கூட்டைக் கலைத்த சங்கச் செயலாளரை மொட்டை மாடியில் காக்கை கொத்தியதும், "பாருங்க, காக்காவுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார். பராமரிப்புக் கணக்கைப் பற்றி இருவருக்கும் இருந்த வழக்கில் இவருக்கு அதுவே தீர்ப்பு.

மீதிப் பாதியை இவர் சொல்வதில்லை. மனிதர் குடியிருப்பை விட்டு ஊர்க்காக்கை தள்ளி வாழ்வதே அபூர்வம். நம் குப்பையை நம்பிப் பிழைக்கிற பறவைக்கு நம்மிடம் என்ன கூச்சம்? ஆளறியும் அந்த மகாமேதைதான் குயில் இட்ட முட்டையை அடைகாத்து, பொரிந்த குஞ்சுக்கும் வாய் நிறைய ஊட்டிக்கொண்டிருக்கிறது.

சாப்பிடுகிற விதமோ தனி. காய்ந்த சப்பாத்தித் துண்டைக் கவ்விக்கொண்டு கிண்ணத்துக்குப் போகும். தண்ணீரில் முக்கும்; எடுக்கும்; தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்; பதம் போதவில்லை என்றால் மறுபடி முக்கும். மத்தியானம் அதே கிண்ணத்தில் கோழி எலும்பு ஊறிக்கொண்டிருக்கும். சுத்த சைவ வீடு. வீட்டம்மா இடுக்கியோடு வந்து நின்றால், "தெருநாய் போட்டிருக்கும்" என்பார் இவர். மூன்றாவது மாடியில்!

கோடையில் வேப்பமரத்துக் கூட்டிலிருந்து குஞ்சு ஒன்று கீழே விழுந்து தத்தியது. காப்பாற்றுவதற்காக இவர் குனிந்த நொடியில், உச்சந்தலையில் விழுந்தது ஒரு கொத்து. நிமிர்வதற்குள் இன்னொன்று. செயலாளர் தன் பால்கனியில் நின்று நிதானமாகக் காப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வழுக்கையில் மஞ்சள்பொடியோடு அன்று மாலை லிஃப்டில் ஏறியவர், யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "அது நம்ம காக்கா இல்ல சார். பக்கத்து பிளாக் காக்கா."