எழாத கேள்வி

2020 செப்டம்பர். கொரோனாவைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்துக்கே விடுமுறை. எழுதிக் கேட்டால் எழுத்தில் பதில். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படியொரு கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். இழப்பீடு? கணக்கே இல்லாதபோது அந்தக் கேள்வியே எழவில்லையாம்.

ஆனால், ஊர் திரும்பியவர்கள் 1,04,66,152 பேர் என்று ஒற்றை இலக்கம் பிசகாமல் அதே அமைச்சகத்திடம் கணக்கு இருந்தது. ஊர்போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பேரேடு உண்டு. போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் இல்லை.

அதே கூட்டத்தொடரில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த அவையில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மளமளவென்று நிறைவேறின. உற்பத்தித்திறனைக் கூட்டு என்று தொழிலாளிக்கு உபதேசிப்பவர்கள், அதைச் செய்தே காட்டிவிட்டார்கள்!