தடப்பள்ளி வாய்க்கா வரப்புல பின்னோக்கி நடை

வா கண்ணு. மார்ல மிசினக் கட்டிக்கிட்டு வரப்புல பின்னோக்கியே நடக்கப் போறயாமா? இடுப்பு பெல்ட்டைப் புடிக்க வந்த அசிஸ்டென்டு பையனை “எனக்கெதுக்குடா துணை”ன்னு தொரத்தியுட்டயாமா? பெரிய வீரந்தான். தடப்பள்ளி வாய்க்காலுக்குத்தான் உன்ற வீரம் தெரியாது.

கோபிப் பக்கம் படம் புடிக்க வந்த ஆளுக மத்தியானச் சோத்துல பேசறது எனக்கும் காதுல உழுகும். காரெட் பிரவுன்னு அமெரிக்காக்காரர் கண்டுபுடிச்ச சாமானாமே இந்த ஸ்டெடிகேம். 1976-ல வந்த ராக்கி படத்துல, பிலடெல்பியா மியூசியப் படிக்கட்டுல கதாநாயகன் ஓடறதை இதுலதான் எடுத்தாங்களாம். இருக்கட்டும். ஸ்பிரிங்குக் கையும் கிம்பலும் ஆட்டத்தைத்தான் திங்கும், எடையைத் திங்காது. அத்தனை கிலோவும் உன்ற இடுப்புலயும் முதுகுலயுந்தான் உக்காரும். ஒடம்பை ஒட்டி வெச்சா கொஞ்சம் மன்னிக்கும். எட்டி நீட்டுனயோ, ராத்திரி தைலத்துக்கு ஆள் தேடுவ.

“ரஷ்யன் ஆர்க் படத்தை முழுசா ஒரே ஷாட்டா டில்மன் பியூட்னர் சுமக்கலியா?”ன்னு என்னையே மடக்குவ. சுமந்தாரு, அரமனைத் தரையில. அவரு ஒருக்காச் சுமந்தது ஒரு படம். நீ நாளெல்லாம் சுமக்கறது, கதாநாயகிக்கு முடி சரியாப் பறக்கலைன்னு போடற ரீடேக்கு. ரெண்டு டேக்குக்கு நடுவுல ஸ்டாண்டுல மாட்டிரு, ஸ்டாண்டுக் காலுக்கு மணல் மூட்டை போடச் சொல்லு. “லைட்டு ரெடியாகட்டும், நிக்கறேன்”ங்காத. இந்த ஒலகத்துல லைட்டு எப்பக் கண்ணு சொன்ன நேரத்துக்கு ரெடியாச்சு?

கேமராவைக் கழட்டறப்ப ஸ்பிரிங்குக் கையை எவனாவது கெட்டியாப் புடிச்சுக்கட்டும். பாரம் போனா அது மேல எகிறும், தாடை யாருதுன்னு பாக்காது. மார்ல மாட்டற கவசத்துல அவசரத்துக்குப் பட்டுன்னு கழட்டற இழுப்பு இருக்குமே, அதக் கண்ண மூடிட்டுத் தடவிப் பாத்தயா? தண்ணிக்குள்ள மூக்கு போனப்பறம் தேடறதுக்கில்ல அது.

போ, அந்தப் பையனக் கூப்புடு. அவன் இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். மேடு பள்ளம் வந்தா தொட்டுச் சொன்னாப் போதும். மிசின் இல்லாம ரெண்டு பேரும் ஒருக்கா நடந்து பாருங்க, கல்லு கட்டிய நான் பொறுக்கிப் போட்டர்றேன். அவனுக்குக் கூலி தண்டம்னு மேனேஜர் மொனகுனா, வாய்க்கால்ல தண்ணி உட்டிருக்காங்கன்னு சொல்லு. உழுந்தா மொதல்ல கேமராவைத் தூக்கத்தான் ஆள் எறக்குவாரு, உனக்கு அடுத்த தவணை.