வாராப் பொதியியல்: சாட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

வாராப் பொதி எனப்படுவது, வெளிநாட்டில் ஒருவர் அனுப்பிவிட்டதாகச் சொல்வதும், யாழ்ப்பாணத் தீவகத்துச் சாட்டியில் இன்னொருவர் எதிர்பார்த்திருப்பதும், இடைப்பட்ட எந்தத் தபாலகமும் தன்னிடம் உள்ளதென ஒப்புக்கொள்ளாததுமான பொருளாகும். தீவகத்தில் இது ‘பாசல்’ என வழங்கும். உள்ளே சொக்கிளேற்றும், சென்ற் போத்தலும், ரொறன்ரோப் பேரனுக்கு அளவு காணாமற்போன சட்டைகளும் இருப்பது மரபு.

வாராமைக்குக் கடலே காரணம் என்னும் கொள்கை நெடுந்தீவுக்குப் பொருந்தும். அங்கே குறிகாட்டுவானிலிருந்து படகு ஓடினால்தான் தபாலும் போகும், சோழகம் பெயர்ந்தால் இரண்டும் நிற்கும். வேலணைத் தீவிலுள்ள சாட்டியோ பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணத்தோடு இணைந்திருப்பதால், காற்றின்மேற் பழிபோடும் வசதியை இழந்துவிட்டது. ஒல்லாந்தர் இத்தீவுக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டிப் போனமையால், நாட்டின் பெயர் எழுதாத பாசலொன்று நெதர்லாந்தைத் தேடிப்போக இடமுண்டு என வாதிடலாம். கோட்பாட்டளவில் அது அழகானதே.

அடுத்தது தடமறி எண். இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என 13 குறிகள் கொண்ட இதில், எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றாற் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மீதியை 11இலிருந்து கழித்தால் சரிபார்ப்பு இலக்கம் கிடைக்கும் (விடை 10 ஆனால் 0, 11 ஆனால் 5). 12345678 என்பதற்கு அது 5. தொலைபேசியில் மகள் சொன்ன ஆறை அம்மா எட்டென எழுதிக்கொண்டால் கணினி பெரும்பாலும் உடனே பிழையைக் கண்டுவிடும். கண்டபின் ‘விபரம் இல்லை’ என்றே சொல்லும். பாசல் உண்மையிலேயே தொலைந்திருந்தாலும் விடை அதுவே.

“தம்பி, பாசல் வந்ததோ?” என்று கந்தோரில் கேட்கும் அம்மாவுக்கு, “துண்டு வந்தால் ஆள்விட்டுச் சொல்லுவன், அம்மா” என்று தபால் அதிபர் சொல்வதும், பிறகு இருவரும் மழையைப் பற்றிக் கதைப்பதும் உதவியே அல்ல என்பார் உளர், அது அவசர முடிபு. 1874இல் பேர்ண் நகரில் தோன்றிய உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி, உரியவர் கையிற் சேரும்வரை பொதி அனுப்பியவருக்கே சொந்தம். அவர் விட்டுக்கொடுத்தாலன்றி நட்டஈடும் அவருக்கே. ஆகவே ஒடியலும் மிளகாய்த்தூளும் கனடாவுக்கு அனுப்பும்போது முழு உரிமையாளராக நிற்கும் அதே அம்மா, சொக்கிளேற்றை எதிர்பார்த்து வரும்போது வெறும் விசாரிப்பவராகிவிடுகிறார். தபால் அதிபர் அவருக்கு அளிக்கக்கூடியது பெரும்பாலும் ஆறுதலே, அதையும் அவர் குறைவின்றி அளிக்கிறார்.

எனவே புலம்பெயர்ந்த பிள்ளைகள் பதிவு செய்யாமல் எதையும் அனுப்பாதிருப்பார்களாக. பற்றுச்சீட்டைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்புவதோடு, பாசல் வராவிட்டால் தங்கள் ஊர்த் தபாலகத்திலேயே விசாரணைப் படிவம் நிரப்புவார்களாக. அதற்கான காலக்கெடு, அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதம்.