ரசீது வந்துவிட்டது, வண்டி எங்கே?

வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான். அநியாயம்தான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் வரி வாங்கிய இடத்தில் உப்பு இருந்தது. பாத்தி இருந்தது, தராசு இருந்தது, காவலுக்கு ஆள் இருந்தான். வாங்கிய காசுக்கும் கண்ணெதிரே குவிந்து கிடந்த பண்டத்துக்கும் ஏதோ ஒரு சம்பந்தம் இருந்தது. நம்மவர்கள் அவனைவிடக் கெட்டிக்காரர்கள். அள்ளாத குப்பைக்கு வரி வாங்குகிறார்கள்.

மரக்காணம் உப்பளக் கரையில் இருப்பவர்களுக்கு வரியின் சரித்திரத்தை யாரும் வந்து வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். ஒரு பிடி உப்பு அள்ளியதற்குச் சிறை. 1947இல் அந்த வரி ஒழிந்தது. ஆறே வருஷம். 1953இல் நம்முடைய நாடாளுமன்றமே உப்புக்கு செஸ் போட்டுச் சட்டம் செய்தது. கொடி மாறியது. கை நீட்டும் பழக்கம் மாறவில்லை.

அந்த உப்பு வரியை எதிர்த்துத் தண்டிக்கு நடந்த கிழவரின் மூக்குக்கண்ணாடியைத்தான் 2014 அக்டோபர் 2ஆம் தேதி எடுத்துத் தூய்மை இந்தியாவுக்குச் சின்னமாக்கினார்கள். சரி, மரியாதை என்று விட்டுவிடலாம். அடுத்த வருஷம் நவம்பர் 15 முதல் அந்தக் கண்ணாடியின் பெயரில் செஸ் வந்தது. வரி விதிக்கத்தக்க சேவை எல்லாவற்றுக்கும் அரை சதவீதம். போன் பேசினால் அரை சதவீதம். ஏ.சி. ஓட்டலில் சாப்பிட்டால் அதற்கும் செஸ். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கும்வரை வசூல் நடந்தது. 20,000 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. வரிக்கு எதிராக நடந்தவரின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, அதையே உண்டியலாக்கிய துணிச்சலுக்கு எந்த விருதும் போதாது.

ஆக, குப்பைக்காக நாம் ஏற்கெனவே ஒரு தவணை கட்டியாகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த தவணை உள்ளாட்சி வழியாக வந்தது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில், குப்பை உண்டாக்கும் ஒவ்வொருவரும் பயன்பாட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். சென்னை மாநகராட்சிக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. 2020 கடைசியில் அறிவித்தது: 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய். ஊர் கொதித்தது. புத்தாண்டு பிறக்கும் முன்பே கட்டணத்தை நிறுத்தி வைத்தார்கள். மக்கள் கஷ்டத்தைக் கண்டு மனம் இளகியதாம். மனம் இளகிய நேரத்தில் சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதச் சொச்சமே இருந்தது. அது தற்செயல்.

தேர்தல் முடிந்தது. ஆட்சி மாறியது. 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியது. மரக்காணம் மாதிரிப் பேரூராட்சிகளில் வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை. ஏன் என்று கேட்டால், நிதிக்குழு நிபந்தனை போட்டிருக்கிறது, ஒன்றிய அரசு சொல்கிறது, எங்கள் கையில் எதுவுமில்லை என்றார்கள். ஒன்றிய அரசைக் கேட்டால், அது மாநிலத்தின் பொறுப்பு. இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு கைகளுக்கும் நடுவில் நம் சட்டைப்பை.

பக்கத்து மாநிலத்தைப் பார்த்து ஆறுதல் அடையலாம் என்றால் அங்கேயும் இதே கூத்து. பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் குப்பைக்குத் தனி செஸ். 600 சதுர அடிக்குள் இருந்தால் மாதம் 10 ரூபாய், 4,000 அடியைத் தாண்டினால் 400. கட்டணம் வாங்கியாகிவிட்டது, இனித் தெரு பளபளக்கும் என்று நம்பியவர்களுக்கு அந்த அக்டோபரில் ஒரு விருந்து வைத்தார்கள். தெருவில் குப்பை கொட்டியவர்களைக் கண்டுபிடித்து, மாநகரத்து ஆட்களே வண்டியில் குப்பையைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் கொட்டினார்கள். அதற்குத் திருவிழா என்று பெயர் வேறு. வண்டி வாசலுக்கு வராது என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. வரும். நிரம்பி வரும்.

2016 விதிகளுக்குத் திரும்புவோம். வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்கு என்று சொன்ன அதே விதிகளில் 17ஆவது என்று ஒன்று இருந்தது. டின், கண்ணாடி, பிளாஸ்டிக் உறை என்று தூக்கி எறியும் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் கம்பெனிகள், குப்பை மேலாண்மைக்காக உள்ளாட்சிகளுக்கு நிதி உதவி செய்ய வேண்டும். வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது, விரும்பினால் என்று இல்லை. உங்கள் ஊர்ப் பேரூராட்சிக்கு எந்தச் சிப்ஸ் கம்பெனியாவது, எந்த ஷாம்பு கம்பெனியாவது காசு கட்டிய செய்தியைப் படித்திருக்கிறீர்களா? உப்பளத்து வரப்பில் கிடக்கும் பாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், பின்கோடு இருக்கும், புகார் சொல்ல போன் நம்பர்கூட இருக்கும். இந்த நாட்டில் இவ்வளவு தெளிவான முகவரியோடு தெருவில் திரியும் குற்றவாளி வேறு யாருமில்லை. பில் மட்டும் பாக்கெட்டை வாங்கிய வீட்டுக்குப் போகிறது. ஒரே விதிப்புத்தகம். ஒரு பக்கத்துக்குப் பல் இருந்தது, மறுபக்கத்துக்கு ஈறுகூட இல்லை.

கம்பெனிகளையும் சும்மா விடவில்லை என்பார்கள். உண்மைதான். விற்ற பிளாஸ்டிக்குக்கு ஈடாக மறுசுழற்சி செய்ய வேண்டும், முடியாவிட்டால் செய்தவரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்தார்கள். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்துப் பார்த்தபோது, ஒரு சில ஆலைகள் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் போலிச் சான்றிதழ் கொடுத்திருந்தன. செய்யாத வேலைக்குச் சான்றிதழ். வராத வண்டிக்கு ரசீது. தேசிய ஒருமைப்பாடு இல்லை என்று யார் சொன்னது?

விற்ற இடத்துக்கே குப்பையைத் திரும்ப வரவைப்பது முடியாத காரியமா என்றால், இல்லை. வேண்டிய இடத்தில் அரசுக்கு எல்லாம் முடியும். நீலகிரியில் காலி மதுப்புட்டிகள் யானைக் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டதும், 2022இல் டாஸ்மாக் ஒரு வேலை செய்தது. புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கு, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாயைத் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். காட்டில் எறிந்த புட்டிகள் கடைக்குத் திரும்பின. குடித்துவிட்டு வீட்டுக்கு வழி மறந்தவர்கூடப் புட்டிக்கு வழி மறக்கவில்லை. குவார்ட்டர் புட்டிக்குத் தெரிந்த கணக்கு பால் பாக்கெட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஏன் தெரியாமல் போனது? 2019 ஜனவரி முதல் தடை செய்த பிளாஸ்டிக் பை இன்றும் எந்தப் பெட்டிக்கடையில் கிடைக்காது, சொல்லுங்கள் பார்க்கலாம். தடை போட்டார்கள். பிறகு மஞ்சப்பைக்கு விழா எடுத்தார்கள். விழா நன்றாக நடந்தது.

சரி, வாங்கிய காசு எங்கேதான் போகிறது? அள்ளுகிறவர் கைக்குப் போயிருந்தால் இத்தனை எரிச்சல் வந்திருக்காது. உப்பளத்தைச் சுற்றிய கிராம ஊராட்சிகளில் தள்ளுவண்டி தள்ளும் தூய்மைக் காவலருக்கு 2022இல் ஊதியத்தை உயர்த்தினார்கள். பெரிய அறிவிப்பு. 3,600இலிருந்து மாதம் 5,000 ரூபாய். நாளுக்கு 170 ரூபாய்கூட இல்லை. கையுறை போடாத விரலால் நம் வீட்டு ஊசியையும் நாப்கினையும் பிரித்தெடுக்கும் வேலைக்கு இந்த விலை. ஊதியம் என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வரவில்லை, மதிப்பூதியமாம்.

தலைநகரில் இன்னும் விமரிசை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பையைத் தனியாரிடம் ஒப்படைத்தார்கள். மாதம் 23,000 ரூபாய் அளவில் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இனி 17,000கூட வராது என்ற நிலை. பெரும்பாலும் பெண்கள். ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஊரில் ஒரு நாளும் நேரத்துக்கு வராத வண்டி அன்று சரியாக நடுராத்திரிக்கு வந்தது, போலீஸ் வண்டி. 13ஆம் தேதி இரவு அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மாநகராட்சி வரலாற்றிலேயே இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு வேகமாக ஒரு தெருவைக் காலி செய்ததில்லை. மறுநாளே அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளருக்கு இலவசக் காலை உணவு! சம்பளத்தில் ஆறாயிரம் போகும், தட்டில் இட்லி வரும். அதற்கடுத்த நாள் சுதந்திர தினம்.

குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொடுத்தால் செலவு குறையும் என்பார்கள். குறைந்த செலவு அந்தப் பெண்களின் சம்பளத்தில் குறைந்தது. அப்படியானால் நம் கட்டணமும் குறைய வேண்டுமே? இல்லை, அதைச் சீரமைக்கிறார்கள். கீழ்நோக்கிச் சீரமைந்த கட்டணத்தை யாராவது பார்த்திருந்தால் பத்திரிகைக்கு எழுதிப்போடுங்கள், அட்டைப்படம் போடலாம். இத்தனை சீரமைப்புக்கும் பிறகு 2025 ஜூலையில் வந்த தூய்மைத் தரவரிசையில், பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் 40 பெருநகரங்களில் மதுரை 40ஆவது. சென்னை 38. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் ஊர் புகுந்து நம் மானத்தைக் காப்பாற்றியது, லூதியானா.

சென்னைச் செய்தி உனக்கெதற்கு, உப்பளத்தில் உட்கார்ந்துகொண்டு என்று கேட்பீர்கள். பக்கிங்காம் கால்வாய் என்று ஒன்று உண்டு. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும். அதன் தென்கோடி மரக்காணம். ஒரு காலத்தில் உப்பு படகேறிப் போன வழி. அது சென்னைக்குள் என்ன நிறத்தில் கிடக்கிறது என்பதைப் பறக்கும் ரயிலில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் சொல்வார்கள். இந்தப் பக்கம் கழுவேலி. 2021இல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சார் அந்தஸ்து. உலகமே பாதுகாக்க வேண்டிய ஈரநிலம் என்று வெளிநாட்டுப் பட்டியலில் பெயர் ஏறியதும் இங்கே பட்டாசு வெடித்தார்கள். வெடித்த காகிதத்தை அள்ளும் செலவை எந்த நாடு ஏற்கும் என்று பட்டியலில் இல்லை.

கடலில் போட்டது கடலோடு போகட்டும் என்றுதானே எல்லோருக்கும் நினைப்பு? உப்பு எங்கேயிருந்து வருகிறது? ஐ.ஐ.டி. பம்பாய் ஆராய்ச்சியாளர்கள் 2018இல் இந்தியக் கடலுப்பைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் துணுக்கு இருந்தது. 2024இல் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு கடையில் விற்கும் பத்து வகை உப்பை வாங்கிப் பார்த்தது. பத்திலும் இருந்தது. அயோடின் கலந்த உப்பொன்றில் கிலோவுக்கு 89 துணுக்கு. ஆகவே குப்பை சேகரிப்பு நாட்டில் நடக்கவே இல்லை என்று சொல்வது அபாண்டம். நடக்கிறது. கடல் சேகரிக்கிறது, வெயில் பிரித்தெடுக்கிறது, உப்பளத்துப் பெண் வெறுங்காலோடு வாரிக் குவிக்கிறாள், கம்பெனி பாக்கெட்டில் அடைத்து நம் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து தருகிறது. அந்த பாக்கெட்டும் பிளாஸ்டிக். முழுச் சுற்று. மறுசுழற்சி என்றால் இதுதான். இதற்கும் காசு நாம்தான் கொடுக்கிறோம், கிலோ கணக்கில், அச்சிட்ட விலைக்கு.

ஓசியில் ஊரைச் சுத்தம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உப்பளத்துக்காரருக்கு வேலைக்குக் கூலி உண்டென்பது தெரியும். மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடக்கும் மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாயில்கூட இந்தக் கட்டணத்தை எடுத்து வைப்பார். அடுத்த முறை கட்டணத்தைச் சீரமைத்து ரசீது அச்சடிக்கும்போது இரண்டு வரி கூடுதலாகச் சேருங்கள். இந்த மாதம் உங்கள் தெருவுக்கு வண்டி வந்த நாள்கள் இத்தனை. உங்கள் தெருவை அள்ளியவர் கைக்குப் போன சம்பளம் இவ்வளவு. வசூலுக்கு வரும் தம்பி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையை நீட்டட்டும். சில்லறை தயாராக இருக்கும்.