அளாப்பியின் இலக்கணம்

கடுதாசி விளையாட்டில் வெல்வதைத் தமது பிறப்புரிமையாகவும் தோற்பதைப் பிறர் செய்த சதியாகவும் கொண்டு, அவ்வுரிமையைக் காப்பதற்கு விதிகளின் உள்ளேயும் வெளியேயும் கிடைக்கும் வழிகள் அனைத்தையும் கூச்சமின்றிக் கையாள்பவரை யாழ்ப்பாணத்தார் அளாப்பி என்பர். அவர் சூதாடி அல்லர்; குடாநாட்டின் வாசிகசாலை விறாந்தைகளிலும் மதவடிகளிலும் செத்தவீட்டு இரவுகளில் பந்தலின் ஓரத்திலும் நடைபெறும் ஆட்டங்களில் பெரும்பாலும் காசு வைக்கப்படுவதில்லை ஆதலால், அவருடைய வஞ்சகத்தை இலாபநோக்கற்ற கலைத்தொண்டு என்றே கொள்ளவேண்டும்.

இக்கலைக்கு ஏற்ற களம் 304 என்னும் ஆட்டம். நால்வர் சோடி சோடியாக எதிரெதிரே அமர்ந்து ஆடும் இதில் 32 தாள்கள் மட்டுமே பயன்படும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை என்ற கணக்கில் ஓர் இனத்துக்கு 76 புள்ளிகளும் நான்கு இனங்களுக்குமாக 304 புள்ளிகளும் வருவதால் அப்பெயர் அமைந்தது. முடிசூடிய ராசாவுக்கு மூன்றும் முகமே இல்லாத ஒன்பதுக்கு இருபதும் கொடுக்கின்ற ஆட்டத்தில், ஆளின் தோற்றத்தை நம்பி ஏமாறுபவர் பிறரை நோவதில் பொருளில்லை. முதல் நான்கு தாள்களைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கூடுதலாகக் கேட்டவர், துரும்பை, அதாவது ஏனைய இனங்களை வெட்டும் வல்லமை பெற்ற இனத்தைத் தெரிந்து, அவ்வினத் தாள் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். துரும்பு வெளிப்படும்வரை, இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாத எவரும் தமது தாளையும் கவிழ்த்தே போடவேண்டும். அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை துரும்பு வைத்தவருக்கே உண்டு. ஒளிப்பதையே விதியாக்கிவிட்டு ஒளிப்பவரைக் குறைகூறுவது எந்த ஊர் நியாயம் என்பது அளாப்பிகள் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா.

மேலைநாட்டார் இத்தகைய ஆளைக் காகிதத்தில் எழுதி உருவாக்குகின்றனர். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரம் ஏற்று மேசையைச் சுற்றியிருந்து ஆடும், 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், மனிதரில் பாதி உயரமே உள்ள ஹாஃப்லிங் இனத்தவர் ஒருவரை, ரோக் எனப்படும் தந்திரக்காரத் தொழிலில் அமர்த்துவது பலரும் விரும்பும் தெரிவு. அதன் 2014 ஆம் ஆண்டு விதிநூல் தரும் 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை உடல்வலு, கைலாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், கவர்ச்சி ஆகிய ஆறு பண்புகளுக்கும் பங்கிடும்போது, ஏமாற்றுதல் கவர்ச்சியைச் சார்ந்தது ஆதலால், 15 கைலாவகத்துக்கும் 14 கவர்ச்சிக்கும் போக, 8 பெரும்பாலும் உடல்வலுவின் தலையில் விழும். இருபது முகக் காயை உருட்டி 1 விழுந்தால் மீண்டும் உருட்டலாம் என்ற சலுகை ஹாஃப்லிங்குகளுக்கு உண்டு. அவர்களில் ஒரு கிளையார் தம்மிலும் பெரிய உருவத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் வல்லவர். இவ்விரண்டு சலுகைகளையும் அளாப்பி எந்த நூலும் படியாமலே பெற்றிருக்கிறார். பிழையான தாளை இறக்கிவிட்டு, "கை தவறி விழுந்திட்டுது" என்று திருப்பி எடுப்பது முதலாவது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எவரையேனும் சோடியாக்கி, எவரும் கேள்வி கேட்கத் துணியாத அவருடைய மரியாதைக்குப் பின்னால் பதுங்குவது இரண்டாவது. நாணம் என்ற ஏழாவது பண்பை அந்த விதிநூலார் சேர்த்திருந்தால், அளாப்பியின் 8 எங்கே போயிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அவருடைய மூலதனம் அப்பாவித்தனம். அது பல ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டப்படுவது. முப்பத்திரண்டு தாள்களில் எது போயிற்று, எது கிடக்கிறது என்பதை நெஞ்சில் எழுதி வைத்திருப்பவர், துரும்பு வெளிப்பட்டு வெகுநேரமான பின்னும், "இப்ப என்ன துரும்பு?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பார், நல்ல கை வந்தால் நெடுமூச்செறிவார். சோடிக்குக் கையிருப்பை உணர்த்தும் குறிப்புகளும் அவரிடம் உண்டு. காதைச் சொறிந்தால் ஆடுத்தன் (ஹார்ட்ஸ்), நாடியைத் தடவினால் கலாவரை (கிளப்ஸ்), செருமினால் இஸ்கோப்பன் (ஸ்பேட்ஸ்) என்றவாறு அமைந்து, எதிராளிகள் கண்டுபிடிக்கும் தோறும் மாற்றப்படும் இம்முறைக்கு உள்ள ஒரே பகை நுளம்பு. அது உண்மையாகவே கடித்த காதைச் சொறியப்போய், சோடியானவர், இல்லாத ஆடுத்தனை நம்பி இறக்கிக் கெட்ட ஆட்டங்கள் பல. 1990களின் முற்பகுதியில் குடாநாடு மின்சாரமின்றி இருந்து, மண்ணெண்ணெயும் அரிதாகி, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு விட்டு எரித்த திரியின் ஒளியில் ஆட்டம் நடந்த ஆண்டுகளில் இக்கலை உச்சம் கண்டது; கையில் இனம் இருக்க இல்லையென்று கவிழ்த்துப் போட்டவர் பிடிபட்டால், "வெளிச்சம் காணாது" என்பதற்கு அன்று எதிர்வாதம் இருக்கவில்லை.

பிடிபடும் வேளையே அவருடைய திறமைக்கு உண்மையான சோதனை. "அண்ணை, அளாப்பாதையுங்கோ" என்று எதிராளி வாய் திறந்ததும், "ஆர் அளாப்பினது? பிள்ளையாராணை நான் அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்று எழும் குரலின் உயரம், செய்த குற்றத்தின் அளவுக்கு நேர்விகிதமாக அமையும், அக்குரலில் அனைவரும் திகைத்திருக்கும் இடைவெளியில் கை தன்பாட்டில் சென்று, நிலத்திலுள்ள தாள்களை ஒன்றாக்கிக் கலைத்துவிடும். சாட்சியமே கலைந்துபோன வழக்கை மேற்கொண்டு நடத்த வழியில்லாமல், புதிய ஆட்டத்துக்குத் தாள் பிரிக்கப்படும்.

இனிமேல் அவரோடு ஆடுவதில்லை என்று சபதம் செய்து எழும்பிப் போனவர்கள், மறுநாள் பின்னேரம் அவர் வரச் சற்றுப் பிந்தினால் சைக்கிளில் ஆளனுப்புகின்றனர். ஆட்டத்திலிருந்து அவரை விலக்கிவைக்க வேண்டும் என்பதில் ஊர் ஒருபோதும் உறுதியாக இருந்ததில்லை. எதிர்ப்பக்கத்தில் அவர் இருக்கக்கூடாது என்பதே அனைவருடைய உள்ளக்கிடக்கை. ஆகவே சோடி பிரிக்கும்போது, முதல்நாள் அவரை அதிகம் திட்டியவரே முந்திக்கொண்டு அவருக்கு எதிரே பாயில் குந்துவதும், குந்தியவுடன் குரலைத் தாழ்த்தி, "இண்டைக்கு ஆடுத்தனுக்குக் காதோ, மூக்கோ?" என்று விசாரிப்பதும் வழக்கமாக இருந்துவருகின்றன.