லடாக் போற மருமவனுக்கு மாமன் சொல்ற புத்தி

என்ன மருமவனே, லடாக் கிளம்பிட்டியாமே? ஹெல்மெட்டுல கேமரா மாட்டியாச்சு, பைக்குல கட்ட அஞ்சு கலர் மந்திரக் கொடியும் ஆன்லைன்ல வந்து இறங்கியாச்சுன்னு உங்கம்மா பெருமையாச் சொன்னா. பட்டாளத்துல அந்த மலையில கொஞ்ச காலம் குப்பை கொட்டினவன்ங்கிற உரிமையில நாலு வார்த்தை சொல்லுதேன், கேட்டுக்கோ. நான் கொட்டினது பேச்சுக்கு; இப்ப போறவங்க நெசமாவே கொட்டுதாங்க, அது வேற கதை.

லேயில பிளேன விட்டு இறங்கினதும் படுத்துக் கிடந்துறாதே. 3,500 மீட்டர் உசரம், ரெண்டு நாள் உடம்பைப் பழக விடணும்னு டாக்டருங்க சொல்வாங்க. ரீல்ஸ் போடுற அவசரம் அவங்களுக்கு எங்க தெரியும்? அன்னைக்கே கர்துங் லா கணவாய்ல ஏறிரு. அங்க 18,380 அடின்னு ஒரு போர்டு உண்டு. அளந்து பாத்தவங்க 17,582 அடிதான்னு சொல்லிட்டாங்க. மிச்சம் 800 அடியும் பெயிண்டோட உசரம். உலகத்துலேயே உசந்த வண்டிப் பாதைங்கிற பட்டமும் 2021-லேயே 19,024 அடியில இருக்கிற உம்லிங் லாவுக்குப் போயிருச்சு. உனக்கென்ன, நீ போர்டுக்குப் பக்கத்துல நிக்கத்தானே போற! அங்க மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடலோரத்துல கிடைக்கிறதுல பாதிதான். மண்டை விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும், குடலைப் புரட்டும். பட்டாளத்துப் பையன் மூக்குல மாஸ்க்கை மாட்டுறப்போ மறக்காம கேமராவைப் பாத்துச் சிரி.

பாங்காங் ஏரி 134 கிலோமீட்டர் நீளம். அதுல மூணுல ஒரு பங்குதான் நம்ம கையில. 2009-ல வந்த ‘3 இடியட்ஸ்’ படத்தோட கடைசிக் காட்சியை அங்க எடுத்தாலும் எடுத்தாங்க, கரையில மஞ்ச ஸ்கூட்டரும், குண்டி வடிவத்துல ஸ்டூலும் வாடகைக்கு வந்துருச்சு. ஏரி காலையில ஒரு நீலம், உச்சியில ஒரு நீலம், பொழுது சாயிறப்போ வேறொண்ணுன்னு அது பாட்டுக்கு மாறிக்கிட்டிருக்கும். நீ அதுக்கு முதுகைக் காட்டி அந்த ஸ்டூல்ல குந்து. 2022-ல சில பேரு ஏரிக்குள்ளேயே காரை இறக்கி ஓட்டி வீடியோ போட்டாங்க. உப்புத் தண்ணிடா அது, வண்டி கழுவக்கூட ஆகாது! போற வழியில கொழுத்த பெருச்சாளி மாதிரி மர்மோட் நிக்கும். கிரீம் பிஸ்கெட் போட்டுப் பழக்கு. குளிர்காலம் பூரா வளைக்குள்ள தூங்குற சீவன், புல்லைத் தின்னே அலுத்திருக்கும் பாரு!

காந்தமலையை விட்டுறாதே. நியூட்ரல்ல போட்டா வண்டி மேட்டுல ஏறுதாப்ல தெரியும், உள்ளபடி இறங்கிக்கிட்டிருக்கும். போன வருசம் நீ ஆரம்பிச்ச வியாபாரத்துலேயே இதைப் பாத்தவன்தான், இருந்தாலும் இன்னொருக்கா பாரு.

குளியலை மட்டும் குறைச்சுக்காதே. லேயில வருசத்துக்கே 100 மில்லிமீட்டர் மழைதான். அந்த ஊரு சனம் பனி உருகி வர்ற ஓடைத் தண்ணியை முறை வச்சுப் பாய்ச்சிப் பார்லி போடுது. கக்கூசுக்குத் தண்ணியே கிடையாது. மண்ணும் சாம்பலும் தூவி மூடி, பெறவு வயலுக்கு எருவாப் போடுவாங்க. நீ மூக்கைப் பொத்திக்கிட்டு ஃப்ளஷ் கேளு. ஓட்டல்காரன் உனக்காக போர் போட்டு உறிஞ்சுவான். அந்த ஊரு இன்ஜினியர் சோனம் வாங்சுக் குளிர்காலத்து ஓடைத் தண்ணியைக் குழாயில கொண்டாந்து ஸ்தூபி வடிவத்துல உறைய வச்சார், நடவு நேரத்துல உருகி வயலுக்குப் போகட்டும்னு. நீ ஷவருக்குக் கீழ நின்னு அவருக்கு ஒரு லைக் போடு. 2011 கணக்குப்படி லடாக்ல மொத்தமே 2.74 லட்சம் பேரு. 2022-ல சுத்திப் பாக்கப் போனவங்க 5 லட்சத்துக்கு மேல. வீட்டுக்காரனை விட விருந்தாளி கிட்டத்தட்ட ரெண்டு பங்கு!

கேலி கிடக்கட்டும். உருப்படியா ரெண்டு சொல்லுதேன். வெளியூரு ப்ரீபெய்டு சிம் அங்க எடுக்காது, அதையே கொண்டு போ. மந்திரம் பொறிச்ச மணிக்கல் சுவரு, ஸ்தூபி எது வந்தாலும் வலமாச் சுத்து. உங்க பாட்டி கோயில்ல கத்துக்குடுத்ததுதான். திக்சே மடத்துக்கு விடியக்காலைப் பூசைக்குப் போ. பிக்குகளுக்கு வெண்ணெய் டீ ஊத்திக்கிட்டு வருவாங்க, உனக்கும் ஒரு கிண்ணம் கிடைச்சாலும் கிடைக்கும். உப்புப் போட்டிருக்கும், துப்பிறாதே.

அப்புறம் ஆல்ச்சி மடம். கூட்டம் அள்ளாது, ஏன்னா உள்ள போட்டோ எடுக்க விட மாட்டாங்க. மூணடுக்குக் கோயிலுக்குள்ள ரெண்டாள் உசரத்துக்கும் மேல மூணு போதிசத்துவர் சிலை. 800 வருசம் இருக்கும். மைத்ரேயர் கட்டியிருக்கிற வேட்டியில புத்தர் கதை பூரா குட்டிக் குட்டிச் சித்திரமா எழுதியிருக்கு. பக்கத்துல அவலோகிதேசுவரர் வேட்டியில கோயிலும் அரமனையும். மங்கின வெளிச்சத்துல கண்ணு பழக நேரம் பிடிக்கும், அவசரப்படாதே.

திரும்பி வந்து எங்கிட்ட போனை நீட்டாதே மருமவனே. அந்த வேட்டியில என்ன கண்டேன்னு வாயால சொல்லு. சொல்லத் தெரிஞ்சா, அடுத்த தடவை பெட்ரோல் காசு என்னோடது.